ஒரே பெஞ்சில் இரண்டு சூரியன்

ஏழாவது அத்தியாயம்

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போலீஸ் வேன் கிளம்பிவிடும். அதில் பொன்னுதுரையை ஏற்றித் தம்பின் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து ரயில், ரயில் போய்ச் சேருகிற இடத்தில் கப்பல், கப்பல் போய்ச் சேருகிற இடம் நாகப்பட்டினம். ஐந்து வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து விட்டுவந்த ஊருக்கு, முப்பத்து நாலு வயதில் காவல் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்.

கணேசமூர்த்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐந்து.

மெலாக்கா நகரத்துக் காஜா பெராங்கில் ஒரு முடிதிருத்தும் கடையின் மாடியில் அவருடைய ஆபீஸ். இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், மூன்று வருஷமாகத் துப்பறிகிறார். இதுவரை வந்ததெல்லாம் காணாமற்போன மாப்பிள்ளை, களவுபோன சைக்கிள், மொட்டைக் கடுதாசி. அவசரகாலச் சட்டத்தோடு மோதுகிற வழக்கு இதுதான் முதல். இன்னும் ஐந்து வாரத்தில் மலாயாவுக்குச் சுதந்திரம் என்று கீழே தெருவெல்லாம் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து வாரம் பொன்னுதுரைக்கு இல்லை.

முந்தாநாள் பொன்னுதுரையின் மனைவி கோகிலா இந்த மாடிக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "அவர் யாரோடயும் சேரலை ஐயா" என்று ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். கும்பிட்ட கையின் சுட்டுவிரல் நுனி சொரசொரப்பாக இருந்தது. அதைப் பார்த்தார், மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. புருஷனைப் பற்றி நாற்பது கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

இப்போது மேசைமேல் ஒரு போட்டோ கிடந்தது. கடலோரக் கோப்பிக் கடை, முன்னால் ஒரு பெஞ்சு, பெஞ்சில் இரண்டு பேர். இடது பக்கம் பொன்னுதுரை. பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ரப்பர் கிட்டங்கியில் எடை போடுகிறவர், அங்கே தொழிற்சங்கக் கிளைக்குச் செயலாளர். வலது பக்கம் நடராஜன். காட்டுக்குள் ஒளிந்து சண்டைபோடுகிற கம்யூனிஸ்டுகளுக்குக் கடிதம் சுமக்கிறவன் என்று இரண்டு வருஷமாக விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் படம் ஒட்டித் தேடப்படுகிறவன். இருவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அந்த ஒரு முழந்தான் பொன்னுதுரையைக் கப்பலேற்றுகிறது.

போலீஸ் பெரிதாக்கிய நகலை வக்கீல் சேதுராமன் காலையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். யாருக்கும், முக்கியமாகப் பொன்னுதுரையின் பெண்டாட்டிக்கு, காட்டக்கூடாது என்பது போலீஸின் நிபந்தனை. போகும்போது இன்னொன்றும் சொன்னார். லாக்கப்பில் இந்தப் படத்தைப் பொன்னுதுரையிடம் காட்டினார்களாம். ரொம்ப நேரம் பார்த்தாராம். திருப்பிக் கொடுத்தாராம். அதற்கப்புறம் எந்தக் கேள்விக்கும் வாயே திறக்கவில்லையாம்.

"பொய்யின்னா பொய்யின்னு கத்தணும்லா" என்றார் மருதமுத்து. "நானா இருந்தா கம்பியைக் கடிச்சிருப்பேன். பல்லு போனாலும் பேரு நிக்கும்."

மருதமுத்துவுக்கு ஐம்பது வயது. கணேசமூர்த்தியைத் தினமும் பெச்சாவில், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாவில், கோர்ட்டுக்கு ஏற்றிப்போனவர். எஜமான் கோர்ட்டை விட்டபோது பெச்சாவோடு சேர்ந்து அவரும் துப்பறிய வந்துவிட்டார்.

கணேசமூர்த்தி பூதக்கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்தார். "மருதமுத்து, இந்த ரெண்டு பேர் மூக்கையும் பாரு."

"பார்த்தேன். ஆளுக்கு ஒண்ணு இருக்கு."

"மூக்கோட நிழலைப் பாரு. பொன்னுதுரைக்கு எந்தக் கன்னத்தில் விழுது?"

மருதமுத்து குனிந்தார். "இந்தப் பக்கம்."

"நடராஜனுக்கு?"

"அந்தப் பக்கம்." நிமிர்ந்தார். "ஒரே பெஞ்சில உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேருக்கு ரெண்டு சூரியனா ஐயா? கிளேபாங் கடற்கரையில அப்படியொரு வசதி இருக்கிறது எனக்குத் தெரியாதே."

"ரெண்டு சூரியன் இல்லை. காலைச் சூரியன் ஒருத்தனுக்கு, சாயங்காலச் சூரியன் ஒருத்தனுக்கு. இன்னும் பாரு. நடராஜன் கால் வழியா என்ன தெரியுது?"

"பெஞ்சுச் சட்டம். அட, ஆளுக்குள்ளே பெஞ்சு தெரியுது. பேயா இவன்?"

"பேயில்லை. இது விளையாட்டுக் கேமராவில் எடுத்த படம். தகரத்தில செஞ்சு, ஜப்பான்லேர்ந்து வருமே, அது. நல்ல கேமராவா இருந்தா ஒரு படம் எடுத்ததும் பிலிமைச் சுத்தினால்தான் அடுத்த படத்துக்குக் குமிழ் அமுங்கும். பொம்மைக் கேமராவுக்கு அந்தப் பூட்டுக் கிடையாது. சுத்த மறந்துட்டு அமுக்கினா, எடுத்த படத்து மேலேயே இன்னொரு படம் விழும். காலையில் நடராஜன் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கான். எடுத்தவர் பிலிமைச் சுத்தலை. சாயங்காலம் பொன்னுதுரை வந்து உட்கார்ந்தார். திரும்பவும் அமுக்கியாச்சு."

"பெஞ்சு ரெண்டு தடவையும் ஒரே இடத்தில அப்படியே விழுந்திருக்கே?"

"கேமரா ஆடாம இருக்கக் கடைக்கு எதிரே ஏதோ திட்டு மேல வைச்சு எடுத்திருக்காங்க. ரெண்டு தடவையும் அதே திட்டு."

மருதமுத்து படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "ஆக, நடராஜனையும் பொன்னுதுரையையும் ரெண்டு பேரையும் சந்திச்சது இந்தப் பெஞ்சு மட்டுந்தான். பெஞ்சை நாடு கடத்தச் சொல்லுங்க."

"சொன்னா கேட்பாங்களா? நிழலையும் மூக்கையும் காட்டினா போலீஸ் அதிகாரி சிரிப்பார். எனக்கு அந்தப் பிலிமே வேணும். இதுக்கு முந்தின படம் காலையில் எடுத்ததா இருக்கும், பிந்தின படம் சாயங்காலம் எடுத்ததா இருக்கும். பிலிம் ஒரே துண்டு. அதை யாராலும் மறுத்துப் பேச முடியாது."

"யார் எடுத்தது?"

"அதுதான் தெரியணும். பொன்னுதுரைக்கு ஆகாதவங்க யாரோ. நகலுக்குள்ளே தெரியற மூலப்படத்து ஓரத்தைப் பார். ஸ்டூடியோவில் வெட்டற நெளிவு இல்லை, ரம்பப் பல் மாதிரி இருக்கு. வீட்டிலேயே கழுவி, வீட்டிலேயே அச்சுப்போட்டு, வீட்டில் இருந்த எதையோ வைச்சு வெட்டியிருக்காங்க."

கீழே பெச்சாவில் ஏறும்போது மணி பதினொன்று நாற்பது.

கிளேபாங் போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. எதிர்க்காற்று. வழியில் ஒரு மேட்டில் மருதமுத்து இறங்கித் தள்ளினார். "மூளை கனமான ஆளை ஏத்தினா இப்படித்தான்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "சும்மா இருந்தா தெரியாது. மேடு வந்தா காட்டிக்கொடுத்திரும்."

படத்தில் இருந்த கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பெஞ்சு அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் கடை மூடிக் கிடந்தது. பூட்டில் உப்புக்காற்றுத் துரு. பின்னாலிருந்த வீட்டு வாசலில் கடைக்காரி சாரதாம்பாள் ஒரு புது ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெச்சாவிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கியதும் ஊசியை நிறுத்தினாள்.

"பயப்படாதீங்கக்கா" என்றார் கணேசமூர்த்தி. "நான் போலீஸ் மாத்தா இல்லை. பொன்னுதுரைக்காக வந்திருக்கேன்."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. "நான்தான் அந்தத் தம்பியைக் கெடுத்தவ" என்றாள்.

அவர் காத்திருந்தார். கோர்ட்டில் பழகின பழக்கம். காத்திருந்தால் மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

"வைகாசியில ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்தது. அப்புறம் அச்சுப்போட்டு எனக்கு ஒண்ணு கொடுத்தாங்க. தீப்பெட்டிப் படம் அளவு இருக்கும். என் கடை படத்துல வந்திருக்குன்னு சீனி டின்னுக்கு மேல கண்ணாடியில ஒட்டி வைச்சேன். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டினேன். அந்த இன்னொருத்தன் யாருன்னு எனக்கென்ன தெரியும்? அன்னிக்குக் காலையில வந்து ஒரு கோப்பி குடிச்சுட்டுப் போனவன். போன மாசம் ஒருத்தர் வந்தார். ரெண்டு கோப்பி குடிச்சார். படத்தைக் கொடுக்க முடியுமா, நாளைக்குத் திருப்பித் தர்றேன்னார். மரியாதையாத்தான் கேட்டார். கொடுத்தேன். நாலாம் நாள் தம்பியைப் பிடிச்சுட்டாங்க. அன்னிக்கு மூடினதுதான் கடை."

"யாரும் காட்டிக்கொடுக்கலையா? பகை எதுவும் இல்லையா?"

"அந்தத் தம்பிக்கு யார் பகை? நான் ஆசைப்பட்டு ஒட்டினேன். அவ்வளவுதான்."

கணேசமூர்த்தி பூட்டிய கடையைப் பார்த்தார். இரண்டு நாளாக ஒரு எதிரியைத் தேடிக்கொண்டிருந்தார். எதிரி கிடைத்தால் மடக்கலாம், மிரட்டலாம், கூண்டில் ஏற்றலாம். சீனி டின்னையும் கண்ணாடியையும் என்ன செய்வது?

"படம் எடுத்தது யாரு அக்கா?"

சாரதாம்பாள் தலையை ஆட்டினாள். "அதை மட்டும் கேக்காதீங்க. ஒரு குடும்பத்துல ஒரு ஆளு போனது போதும்."

"பேர் சொன்னா பொன்னுதுரையைக் காப்பாத்தலாம்."

"சொல்ல மாட்டேன்."

அவள் மடியில் கிடந்த ரவிக்கையை அவர் அப்போதுதான் பார்த்தார். உள்பக்கத் தையல் தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தாள். துணியின் ஓரம் நூல் பிரியாமல் இருக்க ரம்பப் பல் மாதிரி வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு பல்லும் ஒரே அளவு.

"பொண்ணு கல்யாணத்துக்கா?"

"ஆமா. அடுத்த மாசம்."

"நல்ல தையல். மெலாக்காவில தைச்சதா?"

சாரதாம்பாள் ஊசியைத் துணியில் குத்தினாள். ரவிக்கையை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"பெச்சாவைத் திருப்பு" என்றார் கணேசமூர்த்தி. "காஜா பெராங்."

"கிளம்பின இடத்துக்கேவா? இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பேனே."

பாதி வழிவரை அவர் பேசவில்லை. பிறகு கேட்டார். "கோகிலா என்ன வேலை செய்யுது?"

"தையல். ஊருக்கே தெரியும். இந்தச் சட்டைகூட அது தைச்சதுதான்."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே ஐயா."

உண்மைதான். நாற்பது கேள்வியில் ஒன்றுகூட அவளைப் பற்றி இல்லை.

ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த கோகிலாவின் வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அறை முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகத் துணி. பள்ளிக்கூட ஊர்வலத்துக்கு அறுபது கொடி கேட்டிருக்கிறார்கள். அவள் மெஷினை நிறுத்தி எழுந்தாள். அவர் நிபந்தனையை மறந்துவிடவில்லை. தெரிந்தேதான் படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

கோகிலா சிரித்தாள். பொன்னுதுரையைப் பிடித்துப்போன மூன்று வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல்தடவையாக இருக்கும்.

"இது எங்க பேய்ப்படம். உங்ககிட்ட எப்படி வந்துச்சு ஐயா? இவ்வளவு பெரிசா ஆக்கியிருக்காங்க." சொல்லிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. "இதை வைச்சா அவரைப் பிடிச்சிருக்காங்க?"

"ஆமாம்மா. வலது பக்கம் இருக்கிறவன் நடராஜன்."

"கம்பத்துல ஒட்டியிருக்கிற நடராஜனா? அந்தப் படத்துல தாடி இருக்குமே." அவள் இன்னொருமுறை உற்றுப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது ஐயா. சத்தியமா தெரியாது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பிஸ்கட் டின் லேபிள் இருபது சேர்த்து அனுப்பினதற்குத் தபாலில் வந்த கேமரா. முதலில் பொம்மை என்றுதான் நினைத்தாள். உள்ளே ஒரு பிலிம் சுருள் இருந்தது, ஒரு சீட்டு இருந்தது. சீட்டு இங்கிலீஷில். பொன்னுதுரை படித்துப் படித்துச் சொன்னார். மருந்துத்தூளை வாங்கிவந்து குளியலறையில் மூன்று சூப்புத் தட்டு வைத்தார்கள். ஒன்றில் மருந்து, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் படத்தை நிறுத்துகிற உப்பு. பல்புக்குச் சிவப்புத் துணி இரண்டு மடிப்புச் சுற்றினாள். இந்த ஊர் வெயிலுக்கு மருந்துத் தண்ணீர் சூடாகிப் பிலிமின் தோல் உரிந்துவிடும் என்று முதல் சுருளைப் பாழாக்கின பிறகுதான் தெரிந்தது. அடுத்ததற்கு ஐஸ் கட்டி வாங்கிவந்து தட்டுக்கு அடியில் வைத்தார்கள்.

"பிலிமோட ரெண்டு நுனியையும் பிடிச்சு மருந்துல ஏத்தி இறக்கணும். அதை நான் செய்வேன். அவர் பக்கத்தில உட்கார்ந்து ஒண்ணு ரெண்டு எண்ணுவார். முன்னூறு வரைக்கும் எண்ணணும். நடுவில நான் சிரிக்க வைச்சுடுவேன், எண்ணிக்கை தப்பிப்போகும்." நிறுத்தினாள். "இந்தப் படம் வந்ததும் அவர்தான் முதல்ல பார்த்தார். நீ சுத்த மறந்துட்டே கோகிலா, என் பக்கத்துல ஒரு பேயைக் கொண்டாந்து உட்கார வைச்சிருக்கியேன்னு சொன்னார்."

கணேசமூர்த்தி வக்கீல் சொன்னதை நினைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தாராம். திருப்பிக் கொடுத்தாராம். இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தார். அதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

"இந்தப் படத்தை அவர்கிட்ட காட்டினாங்களா ஐயா?"

"காட்டினாங்க."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. அன்னிலேர்ந்து யார்கிட்டயும் பேசறதில்லை."

கோகிலா கொடித் துணிகளுக்கு நடுவே அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வாசற்படியில் நின்ற மருதமுத்து திரும்பித் தெருவைப் பார்த்தார். இது என் மனைவி எடுத்தது, சுற்ற மறந்துவிட்டாள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் பொன்னுதுரை அன்றைக்கே வெளியே வந்திருப்பார். அந்த வாக்கியத்தில் 'என் மனைவி' என்று வருகிறதே, அதற்காக அவர் நாட்டையே விட்டுப்போகத் தயாராகிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தாள். உள்ளே மெல்லிய காகிதத்தில் சுற்றின பிலிம். கணேசமூர்த்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆறாவது படம் அதே கடை, காலை நிழல், பெஞ்சு காலி. ஏழாவது அந்தப் படம். எட்டாவது அதே பெஞ்சில் பொன்னுதுரை தனியே, நிழல் எதிர்ப்பக்கம். அவர் சொன்னபடியே எல்லாம் இருந்தது. சொன்னது சரியாக இருந்ததில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

"இதைக் கொடுத்தா அவரை விட்டுருவாங்களா?"

"விடணும். ஆனா எடுத்தது யாருன்னு கேட்பாங்க."

"நான் எடுத்தேன்னு சொல்றேன்" என்றார் மருதமுத்து.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. உள்ளே வந்து மெஷின்மேல் இருந்த அந்தச் சின்னத் தகரக் கேமராவைக் கையில் எடுத்தார். "கிளேபாங்குக்கு நான் பெச்சா மிதிக்காத நாளே இல்லை. யாரு கேட்டாலும் நம்புவாங்க."

"பிலிம் போட்டுக் காட்டச் சொல்லுவாங்கண்ணே" என்றாள் கோகிலா.

மருதமுத்து கேமராவைத் திறக்கப் பார்த்தார். முன்பக்கத்தைத் திருகினார், அடியை அழுத்தினார். பெரிய விரல்கள். அது திறக்கவில்லை. கோகிலா அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு எந்த ஊருண்ணே?"

"சேலம் பக்கம்."

"அப்ப உங்களையும் கப்பல்ல ஏத்திருவாங்க. நான் இங்கே புக்கிட் பாருவில பிறந்தவ. என்னை எந்தக் கப்பல்ல ஏத்துவாங்க?"

"ஏத்த மாட்டாங்க" என்றார் கணேசமூர்த்தி. "உள்ளே வைப்பாங்க. விசாரணை கிடையாது. எத்தனை மாசம், எத்தனை வருஷம்னு யாராலும் சொல்ல முடியாது. சுதந்திரம் வந்தா எல்லாரையும் விடுவாங்கன்னும் சொல்றாங்க, விட மாட்டாங்கன்னும் சொல்றாங்க. நான் உனக்கு ஒரு வாக்கும் கொடுக்க முடியாதும்மா."

"இந்த ஊர்லதானே வைப்பாங்க?"

"இந்த நாட்டில வைப்பாங்க."

"அப்ப அவர் வந்து பார்க்கலாம்" என்றாள். "அவர் நாகப்பட்டினத்துல இருந்தா நான் எப்படிப் போய்ப் பார்க்க?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்றால் ஐந்து மணி வேன். சரி என்றால் இவள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடிக்கத்தானே அவரிடம் வந்தாள். கடிகாரம் இரண்டேகால் காட்டியது.

கோகிலா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தைத்து முடித்த கொடிகளை மடித்துக் கட்டி, அடுத்த வீட்டு மல்லிகாவைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். "பதினெட்டு பாக்கி இருக்கு. நீலத்துல மேல் ஓரம் மட்டும் ரெட்டைத் தையல் போட்டுடு." எங்கே போகிறாய் என்று மல்லிகா கேட்டதற்கு, "அவரைக் கூட்டிவர" என்று சொல்லிவிட்டுப் பெச்சாவில் ஏறினாள்.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்த அதிகாரி வெள்ளைக்காரர். நாற்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே களைப்பு. கத்துகிற ஆளாக இருந்திருந்தால் கணேசமூர்த்திக்குச் சுலபமாக இருந்திருக்கும். இவர் அமைதியாகப் பிலிமை வாங்கி, விளக்குக்கு முன்னால் பிடித்து, ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று படத்தையும் பார்த்தார். திரும்ப ஒருமுறை பார்த்தார். போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நீங்கள் சொல்வது சரி" என்றார் இங்கிலீஷில். "இவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்காரவில்லை. அந்த ஆளை அனுப்புகிற உத்தரவை நிறுத்தி வைக்கிறேன்." டெலிபோனை எடுத்து இரண்டு வார்த்தை பேசி வைத்தார். பிறகு கோகிலாவைப் பார்த்தார். "ஆனால் நடராஜன் ஆறடி தூரத்தில் உட்கார்ந்து யாரையோ பார்த்துச் சிரிக்கிறான். யாரை?"

அவருக்குத் தமிழ் தெரியாது. ஸ்டேஷன் மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு வரவில்லை. "உங்களுக்குத்தான் இந்த வேலை பழக்கமாயிற்றே" என்று கணேசமூர்த்தியிடம் சொன்னார்.

அவர் கேள்வியைத் தமிழில் சொன்னார்.

"என்னைத்தான்" என்றாள் கோகிலா. "அந்த ஆள் பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். கேமராவைப் பார்த்ததும் கையைத் தூக்கி வேணாம்னார். இது பொம்மைதான், படம் விழாதுன்னு சொன்னேன். சிரிச்சார். அமுக்கிட்டேன்."

அதிகாரி பேனாவோடு கணேசமூர்த்தியைப் பார்த்தார். கோர்ட்டில் கொலைகாரனின் வார்த்தையை, சாட்சியின் வார்த்தையை, தூக்குத் தண்டனையைக்கூட மொழி மாற்றிச் சொல்லியிருக்கிறார். ஒரு சொல்லைக் கூட்டினதில்லை, குறைத்ததில்லை. இந்தப் பதிலில் 'சொன்னேன்' என்று முடிகிற ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டால் போதும். அவள் அவனோடு பேசினவள் ஆகமாட்டாள். தூரத்தில் நின்று எடுத்த ஒருத்தி ஆகிவிடுவாள். ஆனால் வேண்டாமென்று கையைத் தூக்கினவன் ஏன் சிரித்தான்? அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அங்கே கதை உடையும், பொன்னுதுரையை அனுப்புகிற உத்தரவும் அதோடு திரும்பி உயிர்பெறும்.

கோகிலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியே சொல்லுங்க ஐயா" என்றாள்.

அப்படியே சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

"அவளுக்கு அவன் யாரென்று தெரியாது துவான்" என்று கணேசமூர்த்தி தன் பங்குக்குச் சேர்த்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"இருக்கலாம். விசாரித்தால் தெரியும்."

"எத்தனை நாளில்?"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். கதவருகே ஒரு பெண் போலீஸ் வந்து நின்றாள். கோகிலா எழுந்தாள். கேமராவை மேசைமேல் வைத்தாள். "உள்ளே இன்னும் ரெண்டு படம் எடுக்காம இருக்கு, வெளிச்சத்துல திறந்தா கெட்டுப்போகும்னு சொல்லிடுங்க" என்றாள். அதையும் அவர் மொழிபெயர்த்தார்.

வெளியே மரத்தடியில் மருதமுத்து பெச்சாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயா தனியாக வருவதைப் பார்த்தார். துண்டால் இருக்கையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். வேனும் அங்கேதான் நின்றது. ஐந்து மணிக்கு டிரைவர் வந்து அதைக் கொட்டகைக்கு ஓட்டிப்போனான்.

ஐந்தேகாலுக்குப் பொன்னுதுரை படியிறங்கி வந்தார். கையில் துணி மூட்டை. மூன்று வாரத் தாடி. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெச்சாவைப் பார்த்தார், மருதமுத்துவைப் பார்த்தார், கணேசமூர்த்தியைப் பார்த்தார். அவரைப் பொன்னுதுரை அதற்கு முன்னால் சந்தித்ததில்லை.

"கோகிலா வரலையா?" என்றார். லாக்கப்பில் யாரோடும் பேசாத குரல், கரகரத்தது.

"வந்தாங்க" என்றார் கணேசமூர்த்தி. "பிலிமைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. அவங்களே எடுத்ததுன்னு சொல்லிட்டாங்க. உள்ளே இருக்காங்க."

பொன்னுதுரை மூட்டையைத் தரையில் வைத்தார். திரும்பி, இறங்கிவந்த படிகளிலேயே மறுபடி ஏறினார். மேல்படியில் நின்ற போலீஸ்காரர் கையைக் குறுக்கே நீட்டி, விட்டாயிற்று, இனி உள்ளே வர அனுமதி இல்லை என்று மலாயில் சொன்னார். பொன்னுதுரை அந்தக் கையைத் தள்ளவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.